மேசைமேல் வந்தவாசி: ஒரு சிற்றுருவப் போரை உருவாக்கிய அனுபவம்

வரலாற்றுச் சிற்றுருவப் போர் விளையாட்டு என்பது, நடந்து முடிந்த ஒரு போரின் இரு தரப்புப் படைகளையும் விரல்நுனி அளவுள்ள பொம்மை வீரர்களாகத் திரட்டி, வண்ணம் தீட்டி, போர் நடந்த நிலத்தின் மாதிரியை ஒரு மேசையில் அமைத்து, அளவுகோல், பகடை, எழுதப்பட்ட விதிகள் ஆகியவற்றின் துணையுடன் அந்தப் போரை மீண்டும் நடத்திப் பார்க்கும் பொழுதுபோக்கு. இங்கிலாந்தில் இதற்கென்று மன்றங்கள், கண்காட்சிகள், இதழ்கள், உருவங்களை வார்த்து விற்கும் நிறுவனங்கள் எல்லாம் உண்டு. நாட்டிங்காம் நகரத்தைச் சுற்றி மட்டுமே பல நிறுவனங்கள் இயங்குகின்றன. நம் ஊரில் இதில் ஈடுபடுபவர்கள் மிகச் சிலரே. சென்னையில் இருந்துகொண்டு நானும் சில நண்பர்களும் வந்தவாசிப் போரை இப்படி உருவாக்கினோம். அதே வழியில் ஒரு போரை மேசைக்குக் கொண்டுவர விரும்புபவர்களுக்குப் பயன்படக்கூடியவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வாட்டர்லூவையோ கெட்டிஸ்பர்க்கையோ தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு தரப்பிலும் பல்லாயிரம் பேர் நின்ற போர்கள் அவை. எவ்வளவு சுருக்கினாலும் நூற்றுக்கணக்கான உருவங்கள் தேவைப்படும், அவற்றில் பாதியை முடிப்பதற்குள் ஆர்வம் வடிந்துவிடும். முதல் முயற்சிக்கு ஏற்றது ஒரே நாளில் முடிந்த, படைகள் சிறிதாக இருந்த, நிலம் கண்ணுக்கு அடங்கக்கூடிய போர். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் நடந்த போர் இந்த மூன்றுக்கும் பொருந்துகிறது. சென்னையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் அந்த ஊர் இருப்பதால் நிலத்தை நேரில் பார்க்கவும் முடிகிறது. கோட்டையின் சிதைந்த மதில்கள் இன்றும் உள்ளன. வரைபடத்தில் கோடாகத் தெரியும் ஓர் ஏரிக்கரை, அருகில் நிற்கும் மனிதனின் பார்வையை எவ்வளவு மறைக்கிறது என்பதை அங்கே போய் நின்றால்தான் உணர முடியும்.

போரின் சுருக்கம் இது. 1759 நவம்பர் இறுதியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் வந்தவாசிக் கோட்டையைக் கைப்பற்றினார். அதை மீட்பதற்காகப் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, முற்றுகையை உடைக்கக் கூட் திரும்பி வந்தார். ஆங்கிலேயர் தரப்பில் சுமார் 1,900 ஐரோப்பியர், 2,100 சிப்பாய்கள் (ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற இந்தியக் காலாட்படையினர்), 1,250 நாட்டுக் குதிரை வீரர், 26 பீரங்கிகள். பிரெஞ்சுத் தரப்பில் 300 குதிரை வீரர் உட்பட சுமார் 2,250 ஐரோப்பியர், 1,300 சிப்பாய்கள், 16 பீரங்கிகள். பிரெஞ்சுக்காரரோடு கூட்டுச் சேர்ந்திருந்த மராட்டியக் குதிரைப்படையும் அருகிலேயே இருந்தது. ஆனால் அது போரில் இறங்கவில்லை. பிரெஞ்சுத் தரப்பின் லொரேன் படைப்பிரிவு பன்னிரண்டு பேர் அகலமுள்ள நீண்ட பத்தியாக ஆங்கில வரிசையின்மேல் பாய்ந்து முறியடிக்கப்பட்டது. பிரெஞ்சு இடப்பக்கத்தில் ஒரு குளத்தருகே இருந்த அரணில் வெடிமருந்து வண்டி ஒன்று குண்டுபட்டு வெடித்தது. அந்தக் குழப்பத்தில் ஆங்கிலேயரின் டிரேப்பர் படைப்பிரிவு அரணைக் கைப்பற்றியது. பிரெஞ்சுத் தளபதிகளில் ஒருவரான புஸ்ஸி சிறைப்பட்டார். ஓராண்டு கழித்து, 1761 ஜனவரியில், புதுச்சேரியும் வீழ்ந்தது.

முதலில் செய்ய வேண்டிய வேலை கணக்கு. ஓர் உருவம் 20 வீரர்களைக் குறிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஆங்கிலேயர் தரப்புக்கு ஏறத்தாழ 260 உருவங்களும் பிரெஞ்சுத் தரப்புக்கு ஏறத்தாழ 180 உருவங்களும் வேண்டும். பீரங்கிப் படையினர் தனி. 28 மில்லிமீட்டர் உயரமுள்ள உருவங்கள்தான் கடைகளில் மிகவும் பிரபலம்; முகபாவம்கூடத் தெரியும், படத்துக்கும் அழகு. ஆனால் 440 உருவங்களை அந்த அளவில் தீட்டுவது வேலைக்குப் போகும் ஒருவரின் மாலை நேரங்களைப் பல மாதங்களுக்கு விழுங்கிவிடும். செலவும் அதற்கேற்ப ஏறும். 6 மில்லிமீட்டரில் கூட்டத்தின் தோற்றம் அருமையாக அமையும், ஆனால் சிப்பாயின் தலைப்பாகையும் ஐரோப்பியனின் முக்கோணத் தொப்பியும் ஒன்றுபோல் தெரியும். நாங்கள் 10 மில்லிமீட்டரைத் தேர்ந்தெடுத்தோம். மூன்று பேர் அகலம், இரண்டு பேர் ஆழம் என ஆறு உருவங்களை 3 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு மரத்தூள் பலகைத் துண்டில் ஒட்டினோம். அந்த அடித்தட்டு 120 வீரர்களைக் குறிக்கும். இரு தரப்புக் காலாட்படைக்கும் சேர்த்துச் சுமார் 60 அடித்தட்டுகள் போதுமாயின.

இந்த அடித்தட்டிலிருந்துதான் நிலத்தின் அளவு பிறக்கிறது. இதை வாங்கிக் குவிப்பதற்கு முன்பே கணக்கிட்டுவிட வேண்டும். அக்காலக் காலாட்படை பெரும்பாலும் மூன்று வரிசைகளில் தோளோடு தோள் நின்று சுட்டது. 120 பேர் மூன்று வரிசையில் நின்றால் 40 பேர் அகலம். ஒருவருக்கு அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இடம் கொடுத்தால் ஏறத்தாழ 22 மீட்டர். அது மேசையில் 3 சென்டிமீட்டர் என்றால், 1 சென்டிமீட்டர் என்பது ஏழரை மீட்டர். ஆறடிக்கு நான்கடி மேசை, அதாவது 180 சென்டிமீட்டருக்கு 120, சுமார் 1,350 மீட்டர் நீளமும் 900 மீட்டர் அகலமும் உள்ள களம் ஆகிறது. துப்பாக்கி பயனுள்ள வகையில் எட்டும் தூரத்தை 100 மீட்டர் என்று கொண்டால் மேசையில் 13 சென்டிமீட்டர். அயர் கூட்டின் வீரர்கள் லொரேன் பத்தி சுமார் 50 கஜம் நெருங்கும்வரை சுடாமல் நின்றார்கள் என்று படிக்கிறோம். மேசையில் அது வெறும் 6 சென்டிமீட்டர். அந்த இடைவெளியை அளவுகோலால் அளந்து பார்க்கும்போது, அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு அசாதாரணமானது என்பது எந்த நூலைப் படித்தபோதும் விளங்காத அளவுக்கு எனக்கு விளங்கியது.

உருவத்தின் உயரமும் நிலத்தின் அளவும் ஒத்துப்போகாது என்பதையும் இங்கே ஏற்றுக்கொள்ள வேண்டும். உயரத்தில் வீரன் 170 மடங்கு சுருங்கியிருக்கிறான். நிலமோ 750 மடங்கு சுருங்கியிருக்கிறது. ஆகையால் வீரனுக்குப் பொருத்தமாக ஒரு வீட்டைச் செய்து வைத்தால், அது ஒரு சிற்றூர் அளவு இடத்தை அடைத்துக்கொள்ளும். வீடுகளையும் மரங்களையும் வேண்டுமென்றே சிறியதாக, குறைவாகச் செய்வதே வழி. கோட்டையை முழுமையாக வைக்க இடமில்லை. மதிலின் ஒரு மூலையை மட்டும் மேசை விளிம்பில் நிறுத்தினோம். பன்னிரண்டு பேர் அகலமுள்ள லொரேன் பத்தி உண்மையில் 7 மீட்டர்தான் இருந்திருக்கும். மேசையில் எவ்வளவு ஒடுக்கினாலும் ஓர் அடித்தட்டின் அகலமான 22 மீட்டருக்குக் கீழே போகாது. இதைச் சரிசெய்ய முயல்வது வீண். பத்திக்கு எதிராகச் சுடும் விதியில் அதற்கு ஈடுகட்டினால் போதும்.

உருவங்களைத் திரட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வந்தவாசிப் போரும் அடங்கிய ஏழாண்டுப் போர்க்கால (1756–1763) ஐரோப்பியக் காலாட்படை எளிதில் கிடைக்கிறது. 1760-ஆம் ஆண்டுச் சிப்பாய்கள் எனக்குத் தேவையான அளவில் கிடைக்கவில்லை. வேறு காலத்து உருவங்களை வாங்கி, களிமண் போன்ற இருகூட்டுப் பசையால் தலைப்பாகை செய்து மாற்றினோம். வெளிநாட்டிலிருந்து வரும் பொட்டலத்துக்குச் சுங்க வரியும் அஞ்சல் செலவும் சேர்ந்து விலையைக் கணிசமாக உயர்த்தும் என்பதால், நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே முறை வரவழைப்பது நல்லது. இப்போது முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிசின் உருவங்களை அச்சிடுபவர்களும் இருக்கிறார்கள். அதில் முழுமையாக இறுகாத பிசின் தோலுக்குக் கெடுதி என்பதால் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். பழைய உலோக உருவங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அவற்றை அராவும்போது தூள் பறக்காமல் ஈரத்துடன் அராவ வேண்டும். வேலை முடிந்ததும் சோப்பினால் கை கழுவ வேண்டும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அவற்றைப் பூட்டி வைப்பதே சரி.

வண்ணம் தீட்டுவதில் சென்னையின் காற்று ஒரு தனிப் பாடம் நடத்துகிறது. மேலைநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் தெளிப்பான் பிரைமரை, அதாவது வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சை, பரிந்துரைக்கின்றன. ஈரப்பதம் மிகுந்த நாளில் அதை அடித்தால் உருவத்தின்மேல் சொரசொரப்பான வெண்படலம் படிந்து நுணுக்கங்கள் மறைந்துவிடும். தை, மாசி மாதங்களின் வறண்ட முற்பகலில் தெளிப்பான் வேலைகளை முடித்துவிட்டு, மற்றக் காலங்களில் தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிரைமரைப் பயன்படுத்துவது எங்கள் வழக்கம். மின்விசிறிக்குக் கீழே அக்ரிலிக் வண்ணம் தட்டிலேயே காய்ந்துவிடுகிறது. ஒரு மூடியுள்ள டப்பாவில் ஈரப் பஞ்சைப் பரப்பி, அதன்மேல் கேக் சுடும்போது விரிக்கும் தாளை வைத்து, அந்தத் தாளில் வண்ணத்தைக் கலந்தால் மறுநாள்வரை உலராது. உருவங்களை ஐஸ் குச்சியில் வரிசையாக ஒட்டிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு வண்ணம், பிறகு அடுத்த வண்ணம் என்று செய்ய வேண்டும். ஒவ்வொரு வீரனையும் தனித்தனியே முடிக்க முயல்பவர் படையைக் காணமாட்டார். இவ்வளவு சிறிய உருவங்கள் ஒரு கை தூரத்திலிருந்து இருண்டு தெரியும் என்பதால் உண்மையான நிறத்தைவிட ஒரு படி வெளிர் நிறத்தைத் தீட்டுவது நல்லது. பிரெஞ்சுக்காரரின் வெண்ணிற மேலங்கிக்குத் தூய வெள்ளை வேண்டாம். சாம்பல் நிறப் பிரைமர் மேல் பழுப்பு கலந்த வெள்ளையைத் தீட்டி, நீர்த்த பழுப்பு மையை மடிப்புகளில் ஓடவிட்டால் துணி துணியாகத் தெரியும்.

லாலியின் சொந்தப் படைப்பிரிவு ஒரு வேடிக்கையான சிக்கலைக் கொடுத்தது. பிரான்சுக்காகப் போரிட்ட ஐரிஷ் படைப்பிரிவுகள் சிவப்பு அங்கியே அணிந்தன. லாலியின் குடும்பமும் அயர்லாந்து வழி வந்ததே. முதல்முறை விளையாட வந்தவர்கள் அந்தச் சிவப்பு அங்கிகளை ஆங்கிலேயர் என்று எண்ணி அவற்றின் பக்கத்தில் தங்கள் படையை நிம்மதியாக நிறுத்தினார்கள். அதன்பின் எல்லா அடித்தட்டுகளின் பின்விளிம்பிலும் தரப்பைக் காட்டும் வண்ணக் கோடு ஒன்று சேர்த்தோம். சீருடையை மட்டும் நம்பி எந்தப் படையையும் மேசையில் வைக்க வேண்டாம்.

நிலத்தைச் செய்வதற்குக் கடையில் விற்கும் பசும்புல் தூள் உதவாது. அது ஐரோப்பியப் புல்வெளியின் நிறம். செம்மண்ணைச் சலித்து, வாணலியில் நன்றாக வறுத்து ஆறவைத்தபின் ஃபெவிகால் கலந்த நீரில் ஒட்டினோம். வறுக்காத மண்ணில் பூச்சியும் பூஞ்சையும் வந்துவிடும். ஏரிக்கரையைத் தெர்மாகோலில் வெட்டினோம். தெளிப்பான் வண்ணம் நேரடியாகப் பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும், எனவே முதலில் பசையும் மண்ணும் பூசி மூட வேண்டும். பனைக்கு ஈர்க்குச்சியும் தேங்காய் நாரும் போதும். கூட் தம் படையை மலையடிவாரத்தின் கரடுமுரடான நிலத்தை ஒட்டி நகர்த்தியதற்குக் காரணம், குதிரைப்படை அங்கே எளிதில் பாய முடியாது என்பதுதான். அதனால் அந்தக் கற்பாங்கான பகுதியின் எல்லையைச் சரளைக் கற்களால் தெளிவாகக் காட்டினோம். அழகுக்காக வைத்த கல் எது, விதிப்படி தடையாக இருக்கும் கல் எது என்ற சண்டை ஆட்டத்தின் நடுவில் எழக்கூடாது. அடித்தட்டுகளின் கீழே காந்தத் தாள் ஒட்டி, பிஸ்கட் வரும் தகர டப்பாக்களில் வைத்தால் ஆட்டோவில் எடுத்துச் செல்லும்போது உருவங்கள் சாயாது. எவர்சில்வர் டப்பாக்கள் பலவற்றில் காந்தம் ஒட்டுவதில்லை என்பதால் வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள்.

இனி விதிகள். இந்தப் பொழுதுபோக்கின் மூதாதை, பிரஷ்ய இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட பயிற்சி விளையாட்டு. அதில் இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர் அமர்ந்து, எதிரியைப் பற்றித் தெரிய வேண்டியதை மட்டும் தெரிவிப்பார். 1913-இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைப் பீரங்கியால் குச்சிகளைச் சுட்டு வீரர்களை வீழ்த்தும் விளையாட்டை எழுதினார். 1960-களில் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் போன்றவர்கள் அதைப் பகடையும் அட்டவணையும் கொண்ட ஒழுங்கான பொழுதுபோக்காக்கினார்கள். இன்று எந்தக் காலத்துக்கும் பத்து விதிநூல்கள் கிடைக்கின்றன. ஆனால் எந்த நூலை எடுத்தாலும், ஒவ்வொரு படைப்பிரிவின் தரத்தையும் எண்ணால் குறிக்க வேண்டிய கட்டம் வரும். அங்கே நூல் உதவாது. அந்த எண் ஒவ்வொன்றும் வரலாற்றைப் பற்றிய ஒரு தீர்ப்பு. அதற்குச் சான்று காட்ட முடியாவிட்டால், நாம் நடத்துவது வந்தவாசிப் போர் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பிரெஞ்சுப் படையை எடுத்துக்கொள்வோம். லொரேன், லாலி ஆகிய இரண்டும் பிரெஞ்சு அரசரின் முறையான படைப்பிரிவுகள் என்பதால் விதிநூல்கள் அவற்றை முதல் தரம் என்று மதிப்பிடத் தூண்டுகின்றன. ஆனால் 1759 அக்டோபரில், சம்பள பாக்கிக்காக அந்தப் படை கலகம் செய்திருந்தது. போருக்கு மூன்று மாதம் முன்பு தளபதியை எதிர்த்து நின்றவர்களின் மன உறுதியை எப்படி மதிப்பிடுவது? போர்க்களத்திலும், லாலி தம் ஐரோப்பியக் குதிரைப்படையை முன்னேறச் சொன்னபோது அது உடனே பின்தொடரவில்லை. பின்பு பாய்ந்தபோதும் ஆங்கிலேயரின் இரண்டு பீரங்கிகள் சுட்டதில் சிதறியது. ஆனால் அதே லொரேன் படைப்பிரிவு குண்டுமழைக்கு நடுவே பத்தியாக ஓடி எதிரி வரிசையைத் தொட்டது. ஆகவே வீரத்தையும் கீழ்ப்படிதலையும் இரண்டு தனி எண்களாகப் பிரித்தோம். லொரேன் பிரிவு மோதலில் வலிமையானது. ஆனால் ஆணையை ஏற்று நகர ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்ட வேண்டும். இந்த ஒரு மாற்றத்தால், அதுவரை எந்த ஐரோப்பியப் போராகவும் இருக்கக்கூடிய ஆட்டம் வந்தவாசியாக மாறியது. படையினரின் எண்ணிக்கை, அணிவகுப்பு ஆகியவற்றுக்கு 1750-களில் சென்னைக் கவுன்சிலில் இருந்த ராபர்ட் ஓர்மின் வரலாறு உதவுகிறது. பணத்தட்டுப்பாடும் மனக்கசப்பும் நிறைந்த அக்காலப் புதுச்சேரியை அறிய ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பைவிடச் சிறந்த சான்று இல்லை. தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு இந்தப் பொழுதுபோக்கில் இப்படி ஒரு கூடுதல் கதவு திறந்திருக்கிறது.

சிப்பாய்களின் தரம் இதைவிடக் கடினமான கேள்வி. பல பழைய விதிநூல்கள் இந்தியப் படைகள் அனைத்தையும் ஒரே சொல்லில் அடக்கிக் கடைசித் தரத்தில் வைக்கின்றன. இது சோம்பேறித்தனம் என்றே நினைக்கிறேன். சென்னைச் சிப்பாய்ப் பட்டாளங்கள் 1758-இல்தான் ஒழுங்காகத் திரட்டப்பட்டன. வந்தவாசியில் அவர்கள் புதியவர்கள், அன்று மோதலின் சுமை ஐரோப்பியக் காலாட்படைமேல் விழுந்தது, சிப்பாய்களின் இழப்பு மிகக் குறைவு. ஆகவே அவர்களைப் பயிற்சி குறைந்தவர்கள் என்று மதிப்பிட்டோம். ஆனால் அதற்குக் காரணம் பட்டாளத்தின் வயது என்பதை விதித்தாளிலேயே எழுதி வைத்தோம். ஒரு நண்பர் இதற்கு உடன்படாமல், பயன்படுத்தப்படாத படையைத் தரம் குறைந்ததாகக் கருத எந்தச் சான்றும் இல்லை என்று வாதிட்டார். அவருடைய வாதத்துக்கு இடம் கொடுத்து, முதல் மோதலின்போதுதான் பகடையால் ஒவ்வொரு சிப்பாய்ப் பிரிவின் தரமும் வெளிப்படும் என்று மாற்றிக்கொண்டோம். இதனால் அவர்களைப் போரில் இறக்கும் துணிவு தளபதியின் கையில் வந்தது. கூட்டுக்கும் லாலிக்கும் அன்று இருந்த தயக்கமும் அதுவாகவே இருந்திருக்கலாம்.

வெடிமருந்து வண்டியையும் மராட்டியக் குதிரைப்படையையும் என்ன செய்வது என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. வெடிப்பு கட்டாயம் நிகழும் என்று விதித்தால் பிரெஞ்சுத் தரப்பை ஆடுபவர் முடிவு தெரிந்த நாடகத்தில் நடிக்கிறார். விட்டுவிட்டால் போரின் திருப்பமே போய்விடும். அரண்மேல் சுடும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பகடைகளும் ஆறு காட்டினால் வெடிக்கும் என்று வைத்தால், 12 சுற்றில் அது நிகழும் வாய்ப்பு சுமார் 29 சதவீதம். கூட்டுத்தொகை 11 அல்லது 12 என்று தளர்த்தினால் 65 சதவீதம் ஆகிவிடுகிறது. நாங்கள் முதலாவதைத் தேர்ந்தெடுத்தோம், ஏனெனில் அன்று நடந்தது ஒரு தற்செயல் என்பதே என் கருத்து. எந்த விதியையும் ஏற்கும்முன் இப்படி ஆட்டம் முழுவதற்குமான வாய்ப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சுற்றுக்குச் சிறியதாகத் தெரியும் எண் ஏமாற்றும். மராட்டியரைப் பொறுத்தவரை, வெற்றி தங்கள் பக்கம் சாய்வதாகத் தெரிந்தால் மட்டுமே பிரெஞ்சு ஆட்டக்காரர் அவர்களை அழைக்கப் பகடை உருட்டலாம். அவர்கள் வராமல் நிற்பதே வழக்கம்; ஆனால் வரக்கூடும் என்ற அச்சம் ஆங்கிலேயரின் இடப்பக்கத்தைக் கட்டிப்போடுகிறது.

ஆட்ட நாளுக்குச் சில நடைமுறைகள் உண்டு. புதியவர்கள் இருவருக்கு ஒரு பழகியவரை நடுவராக வைத்தால் விதிநூலை யாரும் புரட்ட வேண்டியதில்லை. அவர்கள் தளபதியாக யோசித்தால் போதும், கணக்கை நடுவர் பார்த்துக்கொள்வார். வேகமாக நகர்த்த வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் குறித்துக்கொள்வது நல்லது. முதல் ஆட்டம் முடிந்ததும் தரப்புகளை மாற்றி இன்னொரு முறை ஆடினால், விதி ஒருபக்கம் சாய்ந்திருந்தால் உடனே தெரிந்துவிடும். ஆள் கிடைக்காத வாரங்களில் தனியாகவே இரு தரப்பையும் ஆடுகிறேன். மூன்று திட்டங்களை எழுதி வைத்து எந்தத் திட்டம் என்பதைப் பகடையிடம் விட்டுவிட்டால், எதிர்த்தரப்பு நமக்கே சற்று வியப்பளிக்கும்.

அடுத்து நாங்கள் எடுத்திருப்பது 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே நடந்த பொள்ளிலூர்ப் போர். ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையைச் சூழ்ந்து அழித்த அந்தப் போரிலும் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. மைசூர்ப் படையின் ஏவுகணைகளுக்குப் புதிய விதி எழுத வேண்டும். பெய்லியின் படையில் பெரும்பகுதி சிப்பாய்கள், அதுவும் இருபது ஆண்டுப் பழக்கமுள்ள பட்டாளங்களின் மரபில் வந்தவர்கள். வந்தவாசிக்காகச் செய்த உருவங்களையே, தலைப்பாகையை மட்டும் திருத்தி, இதற்கும் பயன்படுத்தப் போகிறோம். அவர்களின் தரத்தைக் குறிக்கும் எண்ணை மட்டும் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. அது எவ்வளவு என்பதில் அந்த நண்பரும் நானும் இன்னும் உடன்படவில்லை.